பீரோவுக்குப் பின்னால் இருக்கும் புது விமானம்

ஏனுங்க,

நைட் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், கிளம்புகிறேன். சோறு ஹாட்பாக்ஸில், ரசம் பிளாஸ்க்கில். எதையும் சுட வைக்க வேண்டாம்.

பீரோவுக்குப் பின்னால் மாடல் விமானப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். எரிந்துபோனது மாதிரியே இன்னொன்று. ஒரு இறக்கைகூட ஒட்டியாகிவிட்டது. "இனி அதத் தொடமாட்டேன் மைதிலி, பாப்பா மேல சத்தியம்" என்று கையில் தீக்காயக் கட்டோடு சொன்னது நீங்கள்தானே?

கையில் பெயிண்ட் பட்டால் தின்னரை ஊற்றி பனியன் வேஸ்ட் துணியில்தான் துடைப்பீர்கள். கம்பெனிப் பழக்கம். துடைத்ததை மேசைக்கடியில் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். அன்றைக்குக் கரண்ட் போய் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றியதும் அந்தத் துணிக்குவியல் எப்படித் தீப்பிடித்துக்கொண்டது! பக்கத்துக் கட்டிலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் கரண்ட் போனால் முதலில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் உட்கார்ந்தால்தான் நீங்கள் விசில் அடிக்கிறீர்கள். பகலில், வாசலில் வைத்து ஒட்டுங்கள். துடைத்த துணியை வாளித் தண்ணீரில் போடுங்கள், நிரப்பி வைத்திருக்கிறேன்.

பாப்பாவை எதிர்வீட்டு மயிலாள் அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கோபமெல்லாம் இல்லை.

மைதிலி

எமர்ஜென்சி லைட் சார்ஜில் இருக்கிறது. கரண்ட் போனால் அதைப் போடுங்கள்.

தீப்பெட்டியைத் தேடாதீர்கள். அடுப்பு லைட்டரோடு சேர்த்து என் பையில் இருக்கிறது.