மீனுக்குக் காவல் இருந்த மதியம்

2003 மே 12, திங்கள்

பொதுமக்களுக்குத் துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் பேட்டையான போபோடியில் இன்று மதியம் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே மீன்கடை வைத்திருக்கும் காதர் பாய், மீன் ஃப்ரீசரைக் கம்பளியால் போர்த்தி, என்னைக் காவல் வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் புறப்பட்டார்.

“மூடியத் தொறக்காம இருந்தா தாங்கும்டா. ரத்னகிரி கடல்லேர்ந்து ஐஸ்லயே வந்த மீனு. சட்டிக்குப் போற வரைக்கும் குளிர் விட்டுப் போகக் கூடாது. ஒரு எடத்துல விட்டாலும் அத்தன பேர் பாடும் வீண்.”

“செத்த மீனுக்கு நான் பாடிகார்டா, பாய்?”

“மொதல்ல உன் வாய மூடு. ஃப்ரீசர் மூடிய அப்புறம் பாக்கலாம்.”

அவர் திரும்பியபோது அடியில் இருந்த மீன்கள் கல்லாக இருந்தன. மேலே இருந்த வஞ்சிரம் மட்டும் தொளதொளத்துவிட்டது. இதை யாருக்கும் விற்க மாட்டேன் என்று குப்பையில் போட்டார்.

“ஃப்ரீசர் பழசாயிடுச்சு. நீ என்ன பண்ணுவ?” என்று எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். மிச்ச மீனைக் காப்பாற்றியவன் நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

உண்மையில் வெயில் தாங்காமல் ஐந்து முறை மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன். பாய் நாளைக்குப் புது ஃப்ரீசர் பார்க்கப் போகிறாராம். அவர் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும்.