மனானாவிடம் நான் கேட்காத கேள்விகள்

அன்புள்ள ஓத்தாருக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே கிரீஸில், தெசலோனிகியில் நான் சுகமாக இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு மனானா என்ற நம் ஜார்ஜியப் பெண் நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறாள். நம் ஊரில் நர்ஸாக இருந்தவள். கிரேக்கம் தெரியாது. நேற்று மேலாளர் ஸ்தமாத்தியா என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, கிரேக்கத்துல நாலு கேள்வி கேளுங்க. பதில் வரலேன்னா துணி துவைக்கப் போகட்டும்" என்றார்.

எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. சோவியத் காலத்தில் ரஷ்ய மொழி வராது என்றுதானே லாரித் தொழிற்சாலையில் உங்களைக் கடைசிவரை உதவியாளராகவே வைத்திருந்தார்கள்? உங்களிடம் தொழில் பழகியவர்கள் ஃபோர்மேன் ஆனார்கள். டீச்சராக இருந்த நாளில், கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்குக் கையெழுத்து மோசம் என்று நான் பூஜ்யம் போட்டிருப்பேனா?

"கேக்க மாட்டேன்மா. பேச்சு பேசப் பேச வந்துடும். நர்ஸ் வேலை அப்படி வருமா?" என்றேன் மேலாளரிடம்.

"அப்ப நீங்களும் அவகூடவே துவைங்க!"

துவைக்கிறேன். கவலைப்படாதீர்கள், வெந்நீர் தாராளமாக வருகிறது. துணி பிழிந்தபடியே அவளுக்குக் கிரேக்கம் சொல்லித் தருகிறேன். "முதல்ல திட்டுறதுக்குச் சொல்லிக் குடுங்கக்கா" என்கிறாள்.

ஊருக்குக் கடிதம் கொண்டுவரும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அவரிடமே கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புங்கள், சலவை அறையில் தரை எப்போதும் ஈரம். இரண்டு ஜோடியாக அனுப்புங்கள். மனானாவுக்கும் என் கால் அளவுதான்.

உங்கள்
அன்பு மனைவி சியாலா