அரங்கநாதன் வீட்டைப் பார்த்து வந்தேன்

கடலூர் ஜெயில்
4.10.87

கண்ணு ஜெயசுதாவுக்கு, அப்பா பாவாடை சொல்ல, கூட இருக்கிற இருசப்பன் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். இடஒதுக்கீட்டுக்காக ரோட்டுல மரம் வெட்டிப் போட்டு வந்தவங்க எங்க வார்டுல மட்டும் நாப்பது பேரு. எல்லாம் உங்க படிப்புக்கும் வேலைக்கும்தான். உன் லெட்டரு வந்தா இருசப்பண்ணன் படிக்க, சுத்தி உக்காந்துகினு கேக்கறோம்.

தனசேகரன் மாமன் மனு போட்டு வந்து பாத்தான். தை மாசம் உன்னை அவனுக்குக் கட்டறதா வாக்கு குடுத்துட்டேன். நான் உள்ள கெடக்கறேன், வூட்டுக்கு ஒரு ஆம்பள வேணுமில்ல? அரையாண்டுப் பரீட்சையோட நின்னுக்கோ.

அப்பா

*

கச்சிராயபாளையம்
18.10.87

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நலம். மாமாவுக்கு இப்போதே நம் வீட்டில்தான் சாப்பாடு. கடைக்குப் போகக்கூட அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. டீச்சர் வந்து பேசியதால் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு திருக்கோவிலூருக்கு அனுப்பினார். புரட்சியாளர் அரங்கநாதன் வாழ்ந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒன்பது வருஷம் சிறையில் இருந்தவர். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவின் பதில்கள் எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது பாப்பா. வாத்தியாரு ஒருத்தரு வந்து படிச்சுக் காட்டுவாராம்."

"அவங்க இருந்த ரூம்?"

"சமையக்கட்டுதான். பூட்டிக் கெடக்கு. அதுல பாக்க இன்னா இருக்குது?"

என் வகுப்புப் பிரின்சி சிரித்தாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஜன்னலே இல்லை. சுவரெல்லாம் கரி. டீச்சர் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஆனால் நம் வீட்டு அடுப்பை ஊதும்போதும் நான் அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறேன் அப்பா.

இருசப்பன் பெரியப்பா, இனி வருவதைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.

காலேஜில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று மரம் வெட்டினீர்கள். இடம் கிடைத்தால் அதில் உட்கார யாரை அனுப்பப் போகிறீர்கள்? அங்கே இருக்கும் நாற்பது பேரில் எத்தனை பேர் வீட்டில் பெண் பத்தாவது படிக்கிறாள்?

மேலே படிக்க ஆசைப்படும் உங்கள் மகள்,
ஜெயசுதா

*

கடலூர் ஜெயில்
29.10.87

ஜெயசுதாவுக்கு,

இருசப்பண்ணன் சத்தமாத்தான் படிச்சாரு. முடிஞ்சதும் மூலையில இருந்த கெழவரு, "இன்னா பாவாட, பொண்ணு கேக்குதில்ல, பதில் சொல்லு"ன்னாரு. எழுந்து போலாம்னா இங்க வேற ரூம்பு இல்ல. மூணு நாளா கேட்டுகினே இருக்காங்க.

கல்யாணப் பேச்சு வேணாம்னு மாமனுக்குத் தனியா எழுதச் சொல்லிட்டேன். நீ படி.

ஆனா நாப்பது பேரு முன்னால என்னைத் தலகுனிய வெச்சுட்ட. இனிமே எனக்கு லெட்டரு போடாத. சொல்ல வேண்டியது இருந்தா அம்மாகிட்ட சொல்லு.

பாவாடை
(கைநாட்டு)