தள்ளியவள் எழுதுவது

அரக்குப் பட்டுப் புடவையை இன்று வெயிலில் போட எடுத்தேன். முன்பக்கம் அந்தக் கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது. நம் காரின் பின்பக்கத்து அழுக்கு. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த புடவையோடு, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு மொத்தமும் வேடிக்கை பார்க்க, வண்டியைத் தள்ளினேனே, அன்றைக்குப் பட்டது. பார்த்ததும் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. போய்ச் சேர்ந்து எட்டு மாதமான மனுஷர் மேல் கோபப்படலாமா? வருகிறதே, என்ன செய்ய!

பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரில், கேஸிலும் ஓடட்டும் என்று ஒரு கிட் வைத்தீர்கள். வைத்தால் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டாமா? கரமனை ஒர்க்‌ஷாப் மேஸ்திரி என் காதுபடச் சொன்னார்: "சாரே, காலம்பற பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணணும். எஞ்சின் சூடானப்பறம் கேஸுக்கு மாத்தினா மதி, அது போதும். ஏர் ஃபில்டரை மாசம் ஒரு தடவை ஊதிக் கிளீன் பண்ணணும், கேட்டோ?" நன்றாகத் தலையை ஆட்டினீர்கள். மறுநாள் காலையிலேயே கேஸில் ஸ்டார்ட் செய்ய உட்கார்ந்தீர்கள். சாவியைத் திருகு திருகு என்று திருகி, பேட்டரி இறங்கிப்போன பிறகு, "ஏய், இறங்கு. சித்த தள்ளுடி." பேட்டரிக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்டால், "நீ பேசாம இரு." வண்டியைப் பராமரிப்பது என்றால் உங்களுக்கு டாஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பூ மாற்றுவது, அவ்வளவுதான்.

தள்ளினாலாவது ஒழுங்காக எடுத்தீர்களா? இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, வண்டி நன்றாக ஓட்டம் பிடித்த பிறகு விட வேண்டும். நீங்கள் நாலடி நகர்ந்ததுமே விட்டுவிடுவீர்கள். வண்டி குலுங்கி நிற்கும். நான் போய் அதில் மோதுவேன். "இப்போ விடாதேங்கோ! ஓடட்டும்னா, ஓடட்டும்!" என்று கத்துவேன். "இன்னும் ஒரே ஒரு தள்ளு, பிடிச்சுடும்" என்பீர்கள். என்னை டிரைவிங் கற்றுக்கொள்ள அனுப்பியதும் நீங்கள்தான். லைசென்ஸ் வந்த பிறகு ஒரு நாள் சாவியைக் கையில் தந்தீர்களா? "வண்டி கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் நீயே ஓட்டு." ஒன்பது வருஷம் அது சரியாகவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க ஆள் வந்தார். பெங்களூரிலிருந்து நம் பையன் வந்து ஏற்பாடு செய்தான். "உனக்கு எதுக்கும்மா கார்? கூப்பிட்டா ஆட்டோ வரது" என்றான். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் சாவியைத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. "அம்மா, நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டு உக்காரு. நாங்க தள்றோம்."

உட்கார்ந்தேன். சுவிட்சைப் பெட்ரோலுக்கு மாற்றினேன். இரண்டு பேரும் தள்ளினார்கள். "இப்போ விடும்மா, இப்போ!" என்று பையன் கத்தினான். நான் விடவில்லை. அப்போதுதான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அவன் முகம் முழுக்கத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வழிந்து, வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டு தள்ளுகிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த நொடி திக்கென்றது.

அப்படியென்றால் ஒன்பது வருஷமும் என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! பொட்டு கலைந்து, மூச்சு வாங்கி, உங்களைத் திட்டிக்கொண்டே நான் தள்ளுவதை ரசித்துக்கொண்டுதான் "இன்னும் ஒரே ஒரு தள்ளு" என்றீர்களா? வேண்டுமென்றேதான் கிளட்சைச் சீக்கிரம் விட்டீர்களா? கேட்டுச் சண்டை போட ஆள் இல்லை. அந்தக் கேள்வி என்னிடமே கிடக்கிறது.

வண்டி நன்றாக ஓட்டம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். ஒரே தடவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பையன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

புது பேட்டரி போட்டாயிற்று. மேஸ்திரி சொன்னதையெல்லாம் தவறாமல் செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை தனியாகக் கல்லாறு வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன். போகும்போதும் வரும்போதும் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. திட்டுவதற்கு யாரும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.