கிளியின் காலை மறைத்த திராட்சை

கூட்டத்தில் எனக்குத் தேர் தெரியவில்லை என்று அழுதபோது, என்னைத் தோளில் தூக்கிக் காட்டிய என் அண்ணனுக்கு,

அந்த அண்ணனுக்கு இந்த முதல் வரி மட்டும்தான். மீதிக் கடிதம் இன்னொருவருக்கு. அவரும் நீங்கள்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். திதி கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. பீளமேட்டில் ஒரு கல்லூரி அரங்கில் உங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். மொத்தம் முப்பது. வழவழ தாளில் கையேடு வேறு. அட்டையில் பஞ்சவர்ணக்கிளி, அதற்குக் கீழே 'கொங்கு நாட்டின் பரோக் ஓவியர்'. பரோக் என்றால் ஏதோ பழைய ஐரோப்பியப் பாணியாம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், அச்சகத்துக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் நடுவில் நான் இருக்கிறேன். 'ஓவியருக்கு வேளாவேளைக்குத் தேநீர் கொடுத்து உதவிய தங்கை.'

தேநீரா? எனக்கு டீ போட வராது என்று நம் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தது அண்ணி. நீங்கள் படம் போடுகிற அறையில் நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் யாரிடமும் வாய் திறந்து சொல்லவே இல்லையா?

சரி, நானே சொல்கிறேன். ஒரு மில் முதலாளி வீட்டுக்குப் படம் போடப் போன இடத்தில் ஒரு ஓவியப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு டச்சு ஓவியர் போட்ட படங்கள். எந்தெந்தத் தேசத்துப் பறவைகளோ, மேசை நிறையப் பழங்கள், பின்னால் கும்மிருட்டு. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு வாயில் குலாப் ஜாமூன் போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் பறவைக் கூண்டுகளுக்கு முன்னால் நாள்கணக்கில் நின்று, உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தவர் என்று அதே புத்தகத்தில் போட்டிருந்தது. நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தீர்கள். அச்சில் இருட்டாகிப்போன கால்களைக் குத்துமதிப்பாகப் போட்டீர்கள்.

பறவை உங்களுக்கு, பழம் எனக்கு. அப்படித்தான் பிரித்தீர்கள். மாதுளை, திராட்சை, தோல் சுருளச் சுருள உரித்த எலுமிச்சை எல்லாம் என் கை. படம் வாங்க வருகிறவர்களிடம், "பழம் மட்டும் தங்கச்சி போடுதுங்க. பொம்பளைங்க கைக்கு அது நல்லா வருங்க" என்று சிரிப்பீர்கள். அப்போது நானும் கூடச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. "கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது அம்மணி. இந்த இறகை மட்டும் நீ போட்டுடு கண்ணு" என்றீர்கள். போட்டேன். அடுத்த படத்தில் இறக்கை முழுக்க. அதற்கடுத்ததில் தலை. ஒரு வருஷத்தில் பறவை மொத்தமும் என்னிடம் வந்துவிட்டது. உங்களுக்கு மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். அதுவும் கோணாமல் இருக்க உங்கள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். ஆறு வருஷம் பிடித்தேன் அண்ணா.

பறவை மொத்தமும் என் கைக்கு வந்த பிறகு, நான் புத்தகத்தை நம்பி வரையவில்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி வீட்டில் பஞ்சவர்ணக்கிளி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். பகல் முழுக்கக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் உங்களிடம் ஓடிவந்தது நினைவிருக்கிறதா?

"அண்ணா, கிளிக்கு முன்னாடி ரெண்டு விரலு, பின்னாடி ரெண்டு விரலுங்க. நாம இத்தனை நாளா முன்னாடி மூணு போட்டுட்டு இருக்கோம், கோழிக்காலாட்ட!"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாங்கறவன் காலையா எண்ணிப் பாக்கப்போறான்? மூணே போடு."

"தெரிஞ்சும் எப்படீங்கண்ணா தப்பாப் போடறது?"

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "காலு மாறுனா, கை மாறுனது தெரிஞ்சுபோயிரும் அம்மணி."

அன்றைக்கு அந்தத் தூரிகையை உங்கள் மேலேயே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பொய்க்கால் போடமாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன். "அப்ப உன் பழத்தை வெச்சு மறைச்சுப்போடு" என்றீர்கள். மறைத்தேன். இரண்டும் இரண்டுமாக நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கால்கள் மேல் நானே திராட்சைக் கொத்தை வைத்தேன். அப்படிப் பதினொரு படம்.

அதைக் கையேட்டில் என்னவென்று எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'இறுதிக் காலத்தில் ஓவியர் பறவைகளின் கால்களைக் கனிகளால் மறைத்தார். மண்ணை விட்டுப் பிரியும் ஆன்மாவின் அடையாளம் இது.' அடேயப்பா! படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். உங்களுக்காக அழவில்லை.

கண்காட்சியை நடத்தும் பேராசிரியர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "கூடப்பொறந்தவங்க நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணுங்கம்மா" என்றார். என் புதுமனைப் புகுவிழாவுக்கு நீங்கள் கொடுத்த படத்தையும் கேட்டார். ஆமாம், அந்தப் பதினொன்றில் ஒன்று, நான் வரைந்ததை எனக்கே சீராகக் கொடுத்தீர்களே, அதே படம். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

அண்ணிக்கு என்னமோ பொறி தட்டியிருக்கிறது. மறுநாளே வந்தார். "போனவரைப் பத்தி இப்பப் பேசி என்னத்துக்கு அம்மணி? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

"ஏனுங்கண்ணி, டீ கொண்டாந்து வெக்கறப்ப தூரிகை யாரு கையில இருந்துச்சுங்க?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கிளிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "அது கால் எப்படி இருக்கும்னு நானும் பாத்ததில்ல" என்றார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். திராட்சை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்திலும் கால் மேல் வார்னிஷ் பூசிக் காயவிட்டேன். "வார்னிஷ் எதுக்கு அம்மணி?" என்று கேட்டீர்கள். "மேல போடற வண்ணம் நல்லா ஒட்டுமுங்கண்ணா" என்று புளுகினேன். தலையாட்டினீர்கள். வார்னிஷ் மேல் போட்ட வண்ணம், தூரிகை கழுவுகிற டர்பன்டைன் தொட்டால் வார்னிஷோடு வந்துவிடும். நாற்பது வருஷம் தூரிகை பிடித்த உங்களுக்கா அது தெரியாது? தெரிந்துதான் விட்டீர்களா? அப்படியென்றால் அது இன்னும் மோசம். உண்மையைச் சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நேற்றுக் காலையில் பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, அந்தச் சீர்ப் படத்தில் கிளியின் இடது காலைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய்க்கத் தேய்க்கத் திராட்சை கரைந்து பஞ்சில் ஊதாவாக இறங்கியது. அடியில் கால் அப்படியே இருக்கிறது. நகத்தில் நான் வைத்த வெள்ளைப் புள்ளிகூடப் போகவில்லை.

வலது காலைத் தொடவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைக்கு. மாலை போட்ட உங்கள் போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்றிய கையோடு, பஞ்சும் பாட்டிலும் எடுத்து எல்லோர் முன்னாலும் அதையும் திறப்பேன். மேடையில் இருக்கிறவர்களை, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களை, அண்ணியை, ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு அந்தக் காலை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஆறு வருஷம் உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருந்த,
உங்கள் ஒரே தங்கச்சி