ஐந்தாம் நோக்கம்

ஜூலை 3, வியாழன்

இளங்கலை மாணவர்களுக்கு நம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்னதான் கற்றுத்தர நினைக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதவேண்டுமாம். அதற்கு ஒரு குழு. செயலாளர் நான். என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். பதினாறு வருடம் வேதியியல் நடத்தியவளுக்குக் கிடைத்த பாராட்டு.

'முழு மனிதரை உருவாக்குதல்' என்பதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. 'உருவாக்குதல்' தொழிற்சாலை வாடை அடிக்கிறது என்றார் இறையியல் துறைத் தலைவர். எங்களுக்கு அவர் தாடி ஃபாதர். 'மலரச் செய்தல்' என்றார் துணைவேந்தர் ஃபாதர்.

"மலர்ந்தா வேலை கிடைக்குமா ஃபாதர்?" என்றார் வணிகவியல்காரர்.

அப்படியானால் இப்போது வந்து சேருகிறவர்கள் அரை மனிதர்களா? கேட்கவில்லை. பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தேர்வு செய்கிறவர்களில் தாடி ஃபாதரும் ஒருவர். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

நான்கு நோக்கங்கள் தேறிவிட்டன. ஐந்தாவதற்கு யாரிடமும் சரக்கில்லை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் எடுத்துவிட்டேன்: 'உண்மையை அஞ்சாமல் தேடுதல்.'

துணைவேந்தர் கண்ணை மூடி ரசித்தார். "அருமைம்மா."

வாழ்க்கையில் நான் அஞ்சாமல் தேடிய ஒரே பொருள் என் மூக்குக்கண்ணாடி.

ஜூலை 15

வரைவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மாணவர்களிடம் கருத்துக் கேட்டோம். ஒன்றே ஒன்று வந்தது: 'இரண்டாம் மாடிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.' அதை எந்த நோக்கத்தின் கீழ் சேர்ப்பது?

ஜூலை 21, திங்கள்

'ஏன்-மிஸ்' வந்தாள். இரண்டாம் ஆண்டு வேதியியல். எதைச் சொன்னாலும் "ஏன் மிஸ்?" என்பாள், அதனால் அந்தப் பெயர். இன்று அவள் எதுவும் கேட்கவில்லை. விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

'நம்பிக்கையும் அறிவும்', எல்லோருக்கும் கட்டாயப் பாடம், தாடி ஃபாதர் நடத்துவது. கேள்வி: கடவுள் இருப்பதற்கான வாதம் ஒன்றை விளக்கி மதிப்பிடுக. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பில் ஒரே சொல்: 'அடக்கமின்மை.' இதில் தேறாவிட்டால் மூன்றாம் ஆண்டு கிடையாது.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடும்மா. வேலை முடிஞ்சிடும்" என்றேன்.

"என்ன தப்பு பண்ணேன்னு எழுதணும் மிஸ்?"

"ஏதாவது எழுது."

"உண்மையை அஞ்சாமல் தேடுதல்னு போர்டுல ஒட்டியிருக்கீங்களே மிஸ், அது யாருக்கு? பார்க்க வர்றவங்களுக்கா?"

வகுப்பு இருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது வகுப்பே இல்லை.

ஜூலை 22

விடைத்தாளை நேற்று வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று காலை படித்தேன். முதல் மூன்று பக்கம், கடவுளே முதல் காரணம் என்ற வாதத்தைச் சுத்தமாக விளக்குகிறாள். நாலாம் பக்கத்தில்தான் வினை. 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று தொடங்கி, ஒன்றுக்கு மட்டும் காரணம் வேண்டாம் என்று முடிப்பது எப்படி? வீட்டில் எல்லாரும் தட்டைக் கழுவவேண்டும் என்று சட்டம் போட்ட அப்பா, தன் தட்டை மட்டும் வைத்துவிட்டு எழுந்து போவதுபோல் இருக்கிறது.'

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்துப் படித்தார். சிரித்தார். பிறகு கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. இந்தப் பெண்ணின் எழுத்துக்குப் பலன் இல்லை என்று யார் சொன்னது?

"நீ என்ன பண்ணப் போற?" என்றார்.

"எனக்கு ப்ரமோஷன் இருக்கு."

"அது கேள்விக்குப் பதில் இல்லையே."

பல்லைப் பிடுங்குறவர் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாவதில் 'அஞ்சாமல்' வேண்டாம், 'பணிவோடு' என்று போடலாம் என்றார் தாடி ஃபாதர். எல்லோரும் தலையாட்டினார்கள். துணைவேந்தர் என்னைப் பார்த்தார். "மாத்தி எழுதிடும்மா."

பேனா கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

"ஃபாதர், ஒரு பொண்ணுக்கு ஜீரோ போட்டிருக்கு. அதைப் பேசிட்டு மாத்தலாம்" என்றேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அந்தத் தட்டு கழுவும் பத்தியை வாசித்தேன். துணைவேந்தர் சிரித்துவிட்டார். உடனே இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

தாடி ஃபாதர் முகம் சிவந்தது. "அந்த வாதம் அப்படி ஆரம்பிக்கவே இல்லை. அவ புரிஞ்சுகிட்டதே தப்பு!"

"அப்ப அதுக்கு மார்க்கைக் குறைங்க ஃபாதர். ஜீரோ எதுக்கு? எங்க தப்புன்னு ஒரு வரி எழுதினீங்களா?"

ஐயோ, நானா பேசினேன்? நான்தான்.

அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வகுப்புலயும் அதையே சொன்னா. மொத்த க்ளாஸும் சிரிச்சுது. மூணு நாள் என்னால பாடம் எடுக்க முடியல."

விடைத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஃபாதர் எழுந்து போனார். அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பதவி உயர்வு போனது போனதுதான் என்பதும் அதே நிமிடம் தெரிந்தது.

ஜூலை 30

விடைத்தாள் திரும்ப வந்தது. ஐம்பத்து நான்கு மதிப்பெண், தேறிவிட்டாள். கூடவே சிவப்பு மையில் ஐந்து பக்கம்! அவள் எழுதியதைவிட ஒரு பக்கம் அதிகம்.

ஏன்-மிஸ் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "மிஸ், ஃபாதர் சொன்னதுல முதல் பாயிண்ட் சரிதான், நான்தான் தப்பா ஆரம்பிச்சேன். ஆனா மூணாவது பாயிண்ட் தப்பு. போய்ச் சொல்லட்டுமா?"

"என்னை ஏன் கேக்குற? போ."

போனாள். ஃபாதர் அறை என் அறைக்கு அடுத்தது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் சத்தம் கேட்டது. சண்டையா, சிரிப்பா? சுவர் வழியாகப் பிரித்தறிய முடியவில்லை.

ஆகஸ்ட் 12

பதவி உயர்வு இந்த முறை இல்லையாம். ஒரே வரிக் கடிதம். யார் வேண்டாமுன்னு சொன்னாங்க? தாடி ஃபாதரா? வேற யாரா? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. அழுதேன். முகம் கழுவிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

ஆகஸ்ட் 28

அச்சாகி வந்துவிட்டது. ஐந்து நோக்கங்கள் எப்படியோ ஏழாகியிருக்கின்றன, வழவழத் தாள். முதலாவதில் 'மலரச் செய்தல்' ஜெயித்தது. ஐந்தாவது: 'உண்மையைப் பணிவோடும் அஞ்சாமலும் தேடுதல்.' குழு என்றால் இப்படித்தான், இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

முதலாம் ஆண்டு வகுப்பு. வெப்பச் சமன்பாடு ஒன்றைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இதுவரை வாயே திறக்காத ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், மூணாவது வரியில மைனஸ் வரணும்."

"விடை சரியா வருதே, உட்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ஒரு தப்பு, ஐந்தாவது வரியில் இன்னொரு தப்பு. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விடை மட்டும் யோக்கியமாக வந்து நிற்கிறது. எத்தனை வருடமாக இதை நடத்துகிறேன்!

"அவ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன். ஐந்து வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டோம்.

மணி அடித்தது. பக்கத்து அறையில் இளம் விரிவுரையாளர் இன்னும் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் என் பழைய மாணவி. கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் பலகையிலும் அதே மூன்றாவது வரி, அதே பிளஸ்.

கதவைத் தட்டினேன்.