உன் பெயரில் நாங்கள் பழகிய நாள்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் பாண்டியம்மா அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று நீயே ஊகித்திருப்பாய். சின்ன வயதில் நான் கொஞ்சம் இழுத்து "அக்கா" என்று கூப்பிட்டாலே, "ஏலே, என்னத்த ஒடைச்ச?" என்று கேட்பாய். இந்தத் தடவை உன் பள்ளிக்கூடத்தை உடைத்திருக்கிறேன்.

இதை உறையில் போட்டு மூடவில்லை. நம் பக்கத்து வாத்தியார்களும் டீச்சர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த முப்பத்திரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய பங்கு என்னுடையது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நாம் போனில் வருகை போடுகிற ஆப்பில் புதிதாக ஒரு பகுதி வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டம்: படிக்கிறார், நீண்ட நாள் வரவில்லை, ஊரை விட்டுச் சென்றார். இதைப் பதிவது எப்படி என்று திருச்சுழிச் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். பயிற்றுநர் நான்தானே, ஏற்பாடும் என் தலையில்தான். ஊருக்கு வெளியே ஒரு சின்ன மண்டபம் பிடித்தேன். எலுமிச்சம் சாதத்துக்குச் சொன்னேன். இரவல் ப்ரொஜக்டர் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்தது.

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவன், அன்றைக்குப் பராமரிப்பு மின்தடை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

காலையில் அரைமணி நேரம்தான் கரண்ட் இருந்தது. அதற்குள் ஆப்பைத் திறக்கச் சொன்னேன். யாரும் கட்டத்தைத் தொடவில்லை. நம் ஆட்களுக்குப் போனைத் தொடப் பயமில்லை, தன் பள்ளி விவரத்தைத் தொடத்தான் பயம். ஒரு கட்டம் மாறினால் மெமோ வரும். எல்லோரும் போனை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பயிற்சி அப்படியே படுத்துவிடும் போலிருந்தது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தப் புதுப் பதிவு வந்தாலும், ஓய்வு பெற்றுப் போனவர் பெயரிலோ மாறுதலாகிப் போனவர் பெயரிலோ முதலில் பழகிப் பார்ப்போம். கை பழகிய பிறகு சொந்தப் பெயருக்கு வருவோம். இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஓய்வு பெற்றவர் கணக்கை அன்று மாலையே மூடிவிடுகிறார்கள். அப்படி ஒரு கணக்கும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஒரு வாத்தியார் மெதுவாகச் சொன்னார்.

"சார், பாண்டியம்மா டீச்சர் கணக்கு இன்னும் தெறந்துதான் இருக்கு. அவுகளுக்கு யாரு மெமோ குடுக்கப் போறா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இறந்தவர் கணக்கைத் தானாக மூட மாட்டார்கள், அக்கா. யாராவது சான்றிதழோடு எழுதிக் கொடுக்க வேண்டும். உனக்காக எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். மச்சான் சான்றிதழ் நகலை முதல் மாதமே என் கையில் கொடுத்துவிட்டார். அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்தது என்று சொல்லிக்கொண்டேன். வேலை ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் கை வரவில்லை.

உன் கடவுச்சொல் எனக்குத் தெரியும், அதை அமைத்துக் கொடுத்ததே நான்தானே. கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முப்பத்திரண்டு போனிலும் உன் பள்ளி திறந்தது. உன் பிள்ளைகள் பதினான்கு பேரின் பெயரும் வரிசையாக வந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது, வைஃபை போனது, அரைமணியில் டவரும் படுத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனி பயமே இல்ல. சிக்னல் இல்ல, எதுவும் எங்கயும் போகாது. எல்லாக் கட்டத்தையும் அமுக்கிப் பாருங்க" என்றேன். அமுக்கினார்கள். ஒவ்வொரு பெயராக ஊரை விட்டு அனுப்பினார்கள். பயம் விட்டதும் வேடிக்கை வந்துவிட்டது, யார் முதலில் பதினான்கையும் முடிப்பது என்று போட்டி வேறு. நானும் சேர்ந்து சிரித்தேன். இதையும் மறைக்காமல் சொல்லத்தானே எழுதுகிறேன்.

சாயங்காலம் எங்களில் பாதிப் பேர் ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம். வெளியே கருவேல மரங்களும் வெறும் கரிசலும்தான், இந்த வருடம் எங்கும் ஒரு பச்சை இல்லை. களைப்பில் பலரும் தூங்கிவிட்டார்கள். அருப்புக்கோட்டைத் தறிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு போன் டிங் என்றது. அடுத்த சீட்டில் இன்னொன்று. பிறகு முன்னால், பின்னால், என் சட்டைப் பையில். நான் போனை எடுத்துப் பார்த்தேன். 'சேமிக்கப்பட்ட விவரங்கள் அனுப்பப்பட்டன' என்றிருந்தது.

சிக்னல் இல்லாத இடத்தில் அமுக்கியதையெல்லாம் அந்த ஆப் பத்திரமாக வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். அது எனக்குத் தெரியாத விஷயமா? எனக்குக் கொடுத்த பயிற்சிக் குறிப்பில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. சிரிக்கிற மும்முரத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முதலில் மச்சான் கூப்பிட்டார். உன் போனை அவர் இன்னும் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு உன் தலையணைப் பக்கம் வைக்கிறார், உனக்குத் தெரியுமா?

"மாப்ள, ஒங்க அக்கா போனு இத்தன நாளா சும்மா கெடந்துச்சு. நேத்து சாயங்காலம் கத்த ஆரம்பிச்சுச்சு பாருங்க, நிக்கவே இல்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"என்ன வந்திருக்கு மச்சான்? படிங்க."

"பதினாலு மாணவர்கள் நீக்கப்பட்டனர், விவரம் ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. இவ எப்ப மாப்ள நீக்குனா?"

அதற்குள் உன்னோடு வேலை பார்த்த ஜெயராணி டீச்சரின் அழைப்பு குறுக்கே வந்தது. பள்ளியில் இப்போது அவர் ஒருவர்தான், அதனால் பயிற்சிக்கு வரவில்லை. "சார், ஆறு பிள்ளைக என் முன்னால ஒக்காந்திருக்கு. போன்ல பாத்தா பள்ளிக்கூடத்துல ஒருத்தருமே இல்லங்குது" என்றார்.

பரளச்சிக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு பள்ளி இருப்பதை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை, அதுதான் அதற்குக் காவலாக இருந்தது. ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். மீதி எட்டுப் பேர் அப்பா அம்மாவோடு கரி சுடுகிற மூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போயிருக்கிறார்கள், மழை விழுந்தால் திரும்புவார்கள். அதுவரை அவர்களை வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்றே வைத்துப் பெயர் போகாமல் காப்பாய். உனக்குப் பின் ஜெயராணி டீச்சரும் அப்படியே செய்தார். இப்போது பதினான்கு பேரும் பூஜ்யம் ஆனதும் மேலே இருப்பவர்கள் கண் அங்கே திரும்பிவிட்டது. திங்கட்கிழமை நேரில் பார்க்க வருகிறார்களாம். வந்தால் என்ன பார்ப்பார்கள்? ஆறு பேருக்கு ஒரு பள்ளி எதற்கு என்றுதானே கேட்பார்கள்? பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தால், பெரிய ரோட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நடக்குமா?

நேற்று உன் போனுக்கு இன்னொரு செய்தி வந்தது. மாணவர்களை நீக்கியதற்கு நீ மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். மச்சான் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "அவகிட்ட நான் எப்படி மாப்ள கேக்குறது?" என்றார்.

அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எதுவும் எழுதிக் குடுக்காதீக கணேசன் சார். ஆப்புக் கணக்குல டீச்சர் இன்னும் இருக்காக, அவுக தப்பாப் பதிஞ்சுட்டாகன்னு ஃபைலை முடிச்சிருவோம். அவுகதான் இல்லயே, யாருக்கும் பாதகமில்ல."

மண்டபத்தில் நாங்கள் நினைத்ததும் இதேதான். உனக்கு இனி ஒன்றும் ஆகாது என்றுதானே உன் பெயரை எடுத்தோம். ஆனாலும் அக்கா, அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்னும் ஒன்பது வருட சர்வீஸ் இருக்கிறது. மகள் இந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சஸ்பெண்டு ஆகிப் போனால் டீக்கடையில் கூட நிமிர்ந்து நிற்க முடியாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகு, ஊரில் இல்லாத அந்த எட்டுப் பேர் வீட்டுக்கும் போன் போட்டேன். திங்கட்கிழமைக்குள் நாலு பேரையாவது வரவழைக்கலாமே என்ற யோசனை. ஏழு பேர் எடுக்கவில்லை. எட்டாவது, மூன்றாம் வகுப்பு முனீஸ்வரியின் அப்பா எடுத்தார். கமுதிப் பக்கம் கரி சுடுகிறார்கள்.

"டீச்சர் தம்பியா? சொல்லுங்க சார். பாதி மூட்டத்துல விட்டுட்டு இப்ப எப்படி சார் வாரது? மழைக்கு வந்துருவோம். புள்ள பொஸ்தகத்தையும் எடுத்துட்டுத்தான் வந்திருக்கா. பேரு இருக்குல்ல சார்?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நீ இருந்தபோது அந்த ஆள் இதே கேள்வியை உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்? ஒவ்வொரு தடவையும் நீ சொன்ன பதில் உண்மையாக இருந்தது. நான் உன் தம்பி என்பதால்தான் அவர் என்னையும் நம்பினார்.

ரெண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கடிதம், உன் கணக்கைத் திறந்து கொடுத்ததும் எல்லாக் கட்டத்தையும் அமுக்கச் சொன்னதும் நான்தான் என்பது. அதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். இரண்டாவது, நீ இறந்துவிட்டாய் என்பது. அதற்கு ராத்திரியும் காணாது பகலும் காணாது என்று ஆகிவிட்டது. ஆனால் அதுதான் வேண்டும். நீ இறந்த தேதி காகிதத்தில் ஏறினால்தான், அதற்குப் பின் உன் பெயரில் நடந்த எதுவும் நீ செய்ததல்ல என்று ஆகும். உன் பிள்ளைகளை நீ அனுப்பவில்லை என்பதற்கு நீ இல்லை என்பதுதான் சாட்சி. அதை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

நாளைக் காலை ரெண்டையும் கொடுத்துவிடுவேன். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பள்ளி தப்புமா என்றும் தெரியவில்லை, அந்த அலுவலக நண்பர் தப்பாது என்றுதான் சொல்கிறார். திங்கட்கிழமை அவர்கள் ஜீப்பு வரும்போது, வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜெயராணி டீச்சரோடு வாசலில் நிற்பேன். கரிமூட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, திரும்பி வருவார்கள் என்று சொல்வேன். உன் பேரில் ஒரு சொட்டுக் கறை விழ விட மாட்டேன். இது சத்தியம்.

நாளைக்கு நான் அந்த இரண்டாவது கடிதத்தைக் கொடுத்த பிறகு உன் கணக்கை மூடிவிடுவார்கள். மச்சான் வைத்திருக்கும் போனில் இனி ஒன்றும் வராது. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை, அக்கா. நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகும்
உன் தம்பி,
கணேசன்